ரிப்பேர் முடிந்து வந்த கருவியும் ரிப்பேரே ஆகாத பலகையும்

வாய் பேசவும் கை அசைக்கவும் முடியாதவர் கண் பார்வையாலேயே திரையில் எழுத்தைத் தேர்ந்து பேசுகிற கண்ணசைவுக் கருவி ரிப்பேர் முடிந்து வந்துவிட்டதே, இனி அதே வேலைக்கு வைத்திருந்த எழுத்துப் பலகையைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள். போட வேண்டாம்.

கருவியில் கேமரா, மென்பொருள், குரல் எதையும் குறை சொல்ல மாட்டேன். சனியன், அந்த ஸ்டாண்டின் கைதான். மூட்டு ஸ்குரூ தளர்ந்து திரை கொஞ்சம் தலை கவிழ்ந்தால் போதும், கேமராவுக்குக் கண் சிக்காது. முகத்துக்கும் திரைக்கும் சுமார் 60 செ.மீ. இடைவெளி வேண்டும். ஆளைப் புரட்டிப் படுக்க வைக்கிற ஒவ்வொரு தடவையும் திரையை மறுபடி பொருத்தி, காலிபரேஷன் (கருவிக்கு அவர் பார்வையைப் புதிதாகப் பழக்குவது) செய்து... ஜன்னல் வெயில் முகத்தில் விழுந்தால் அதுவும் வீண். கருவியின் அகச்சிவப்பு ஒளி வெயிலில் குழம்பிவிடும். ரிப்பேரில் மாற்றியது அதே மூட்டைத்தான், அதே மாதிரி மூட்டு போட்டு.

பலகை என்பது ஏ3 அளவு கண்ணாடி போன்ற அக்ரிலிக் ஷீட். ஒருவர் எதிரில் பிடித்துக்கொண்டு, கண் எங்கே போகிறது என்று பார்ப்பார். நடுவில் ஓட்டை, சுற்றி 6 கட்டங்கள், கட்டத்துக்கு 5 எழுத்து. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம். கட்டத்துக்குள் 5 எழுத்தும் அந்த நிறங்களில் வெவ்வேறு நிறம். முதல் பார்வை எழுத்து இருக்கும் கட்டத்துக்கு. இரண்டாவது, அந்த எழுத்தின் நிறத்தையுடைய கட்டத்துக்கு. இரண்டுக்கும் நடுவில் கண் ஓட்டைக்குத் திரும்பியே ஆக வேண்டும். இதைப் பழக்காமல் விட்டால் எல்லாம் குழறுபடிதான்.

தமிழுக்கு இது இவ்வளவு பொருந்தும் என்று எதிர்பார்க்கவே இல்லை. 247 எழுத்தும் வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 போதும். அதிலும் ஔ, ஃ, ங மூன்றையும் விட்டால் 28. மீதி இரண்டு இடத்தில் 'அழி', 'சொல் முடிந்தது'. ங்-க்குப் பதில் ந போட்டால் புரிந்துவிடும். மெய்யைப் புள்ளியில்லாமல் ஒட்டுங்கள், அகரம் இலவசம். தண்ணீர் என்பது த, ண, ண, ஈ, ர: ஐந்தே எழுத்து, பத்துப் பார்வை. எங்கே புள்ளி என்பதைப் பலகை பிடிப்பவரே வைத்துக்கொள்வார். சிக்கலும் அங்கேதான்: ப, ல, வ, ல, இ வந்தால் பல வலியா, பல் வலியா? ஊகித்துவிட்டுப் போகாமல் இரண்டையும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கண்ணை மேலே தூக்கினால் ஆம். இரண்டு விநாடி மூடினால் இல்லை. வெறும் இமைப்பைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது தானாக நடப்பது.

மூளைத்தண்டு பாதிப்பில் கண் மேலும் கீழும் மட்டுமே அசைகிறவர்களுக்கு இந்தக் கட்டங்கள் உதவாது. பிடிப்பவர் வரிசை வரிசையாக வாசிக்க, அவர் மேலே பார்த்து நிறுத்துவதுதான் வழி.

இவ்வளவு புகழ்ந்தாலும், ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் கருவியைத்தான் வைத்துக்கொள்வேன். பலகையை யாராவது எதிரில் வந்து பிடித்தால்தான் பேச்சு. பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிட அதற்குக் குரல் கிடையாது. ஸ்டாண்டில் மூட்டு நிற்க வேண்டிய இடத்தில் மார்க்கரால் கோடு போட்டாயிற்று. ஸ்குரூவை இறுக்கும் ஆலன் கீ கட்டில் காலிலேயே கட்டித் தொங்குகிறது.