பழைய கார்களுக்கான சர்வீஸ் ஸ்டிக்கர்: ஒரு மறுபதிப்புச் சேவை பற்றிய மதிப்புரை

பழைய கார்களை மீட்டெடுப்பவர்கள் பெயின்ட்டுக்கும் குரோமுக்கும் காட்டும் அக்கறையை, கதவைத் திறந்ததும் அதன் விளிம்பில் தெரியும் ஆயில் மாற்ற ஸ்டிக்கருக்குக் காட்டுவது அரிது. ஆனால் எந்த நாளில், எத்தனையாவது மைலில், எந்த ஆயில் ஊற்றப்பட்டது என்று ஒரு மெக்கானிக் தன் கையால் எழுதி ஒட்டிய அந்தச் சிறு தாள், அந்த வண்டி ஒருவருடைய அன்றாடத் தேவைக்கு ஓடி உழைத்தது என்பதற்கு நேரடிச் சான்றாகும். இத்தகைய ஸ்டிக்கர்களை மறுபடி அச்சிட்டுத் தரும் ஒரு சேவையிடம், 1965ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்றுக்காக மூன்று வகைகளை வாங்கினேன். கதவு விளிம்புக்கான காகித ஸ்டிக்கரும் முன்கண்ணாடி மூலைக்கானதும் மிகச் சிறப்பாக வந்தன. எஞ்சினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் ஏர் கிளீனரின் மூடிக்கானது ஏமாற்றமளித்தது.

இவர்களுடைய பெரும் பலம், கிடைத்த பழைய ஸ்டிக்கரை ஸ்கேன் செய்து அப்படியே அச்சிடாமல், எழுத்துகளையும் கோடுகளையும் புதிதாக வரைந்துகொள்வதுதான். ஸ்கேன் படத்தை நான்கு வண்ண டிஜிட்டல் முறையில் அச்சிட்டால் தள்ளி நின்று பார்க்கும்போது குறை தெரியாது. பூதக்கண்ணாடியை வைத்தவுடன் சிவப்பு நிறம் மெஜந்தாப் புள்ளிகளாகவும் மஞ்சள் புள்ளிகளாகவும் பிரிந்துவிடும், எழுத்தின் ஓரங்களும் பிசிறடிக்கும். அந்தக் காலத்து ஸ்டிக்கர்களில் பெரும்பாலானவை ஒன்றோ இரண்டோ நிறங்களில், ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக மை கலந்து அச்சிடப்பட்டவை. எனக்கு வந்த கதவு ஸ்டிக்கரில் சிவப்பு, புள்ளியே இல்லாத முழுச் சிவப்பாக இருக்கிறது. அதன் மேல் விழுந்த கறுப்புக் கோடு மயிரிழை அளவு விலகியிருக்கிறது. அச்சகத்தில் தாள் இருமுறை இயந்திரத்துக்குள் போய்வந்ததன் அடையாளம் அது என்பதால், அந்த விலகலைத் திருத்தாமல் விட்டது எனக்குப் பிடித்திருந்தது. தாளும் பொருத்தமானதே. இன்றைய அலுவலகத் தாள்களில் ஒளிர்வூட்டும் வேதிப்பொருள் கலப்பதால் நீலச் சாயல் அடிக்கும். இவர்களுடைய தாள் இளமஞ்சள் கலந்த, வழவழப்பில்லாத தாள். பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் மை பரவாமல் அழுத்தமாகப் பதிகிறது.

உள்ளடக்கத்திலும் அதே கவனம் தெரிகிறது. வேலையைத் தொடங்கும் முன்பே, ஸ்டிக்கர் எந்த ஆண்டு ஒட்டப்பட்டதாக இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். அமெரிக்காவில் அஞ்சல் ஜிப் குறியீடு 1963இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஸ்டிக்கரில் அது இருந்தால் காலப்பிழையாகிவிடும். ஆயிலின் தரக்குறியும் அப்படித்தான்: 1965இல் பெட்ரோல் எஞ்சின் ஆயிலுக்கு ‘எம்எஸ்’ என்ற குறியே வழக்கில் இருந்தது, ‘எஸ்இ’ போன்ற குறிகள் 1970களின் தொடக்கத்தில்தான் பரவலாயின. அவர்கள் அனுப்பிய மாதிரியில் ‘எம்எஸ்’ என்றே இருந்தது, தொலைபேசி எண்ணின் தொடக்கத்தில் அன்றைய வழக்கப்படி இரண்டு எழுத்துகளும் இருந்தன. முன்கண்ணாடி ஸ்டிக்கரில் வெளியே தெரிய வேண்டிய விளம்பரப் பக்கத்தில் பசையும், மறுபக்கத்தில் ஓட்டுநர் பார்க்க வேண்டிய மைல் குறிப்பும் சரியாக அமைந்திருந்தன.

கூடுதல் கட்டணத்துக்கு ஸ்டிக்கரைப் பழுப்பேற்றியும் தருகிறார்கள். இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெயின்ட்டும் ரப்பரும் புதிதாகப் பளபளக்கும் கதவில் தேநீர் நிறத் தாள் ஒன்று மட்டும் ஐம்பது ஆண்டு மூத்ததாக நிற்பது கண்ணை உறுத்தும். மேலும், உண்மையான ஸ்டிக்கர் ஒரே சீராகப் பழுக்காது. வெயில் பட்ட ஓரம் வெளுத்து, விரல் பட்ட மூலை கறுத்து, பசை ஊறிய இடம் மட்டும் மஞ்சளாகியிருக்கும். ஸ்டிக்கர் சர்வீஸ் முடிந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே ஒட்டி, மீதியைக் காலத்திடம் விட்டுவிடுவதே நேர்மை.

ஏர் கிளீனர் ஸ்டிக்கரை வினைல் என்ற பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டு, மேலே பளபளப்பான லேமினேஷன் போட்டிருக்கிறார்கள். எஞ்சின் சூட்டில் சில நீண்ட ஓட்டங்களுக்குப் பிறகு, மூடியின் வளைவில் அதன் ஓரம் மெல்லச் சுருண்டு எழும்பத் தொடங்கியது. அதன் தடிமனும் கைக்குத் தட்டுப்படுகிறது. தண்ணீரில் ஊறவைத்து நழுவவிட்டு ஒட்டும் டெக்காலாகச் செய்து, காய்ந்தபின் சூடு தாங்கும் தெளிவான வார்னிஷ் பூசச் சொல்லியிருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது. காகித ஸ்டிக்கரில் இவ்வளவு நுணுக்கம் காட்டுபவர்கள் இதில் எளிய வழியைத் தேர்ந்தது வருத்தமளிக்கிறது.

சேஸி எண் தாங்கிய லேபிள்களை எவர் கேட்டாலும் செய்து தருவதில்லை என்று ஆர்டர் படிவத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். கதவு விளிம்புக்கான காகித ஸ்டிக்கரின் பசைப்பக்கத்தில், ஒட்டியபின் வெளியே தெரியாதபடி, அது மறுபதிப்பு என்ற சிறு குறிப்பையும் அச்சிட்டிருக்கிறார்கள். போலிச் சர்வீஸ் வரலாற்றைக் காட்டிக் கார் விற்க நினைப்பவருக்கு அது இடைஞ்சல், வாங்குபவருக்குப் பாதுகாப்பு. மைல், தேதிக்கான இடங்களையும் வெறுமையாகவே விட்டு அனுப்புகிறார்கள்.