வளைந்து கொடுக்கும் தடுப்பு: மண்டபம் கரையில் நான்கு ஆண்டுப் பயன்பாடு

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரை அடுத்த எங்கள் இறால் பதப்படுத்தும் கூடத்தில், ஃபோர்க்லிஃப்ட் (சுமைதூக்கும் வண்டி) ஓடும் தடத்துக்கும் பெண்கள் இறால் உரிக்கும் மேசைகளுக்கும் நடுவே முன்பு இரும்புக் குழாய்த் தடுப்பு இருந்தது. உப்புக்காற்றில் அதன் அடிப்பகுதி அரித்துப்போவது ஒருபுறம் இருக்க, வண்டி இடிக்கும்போதெல்லாம் குழாய் அசையாமல் நின்று, விசையைத் தரையில் பதித்த ஆங்கர் போல்ட்டுகளுக்கு இறக்கி, தரைக் கான்கிரீட்டைப் பெயர்த்துவிடும். பெயர்ந்த குழியில் இறால் கழுவிய நீர் தேங்கும்.

2021 மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15-க்கும் ஜூன் 14-க்கும் இடையே வேலை ஓய்ந்திருந்தபோது, மோதினால் வளைந்து கொடுக்கும் பாலிமர் (பிளாஸ்டிக் வகை) தடுப்புக்கு மாறினோம். சுமையோடு 4 டன் எடையுள்ள வண்டி மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் மோதினால் ஏறத்தாழ 9,900 ஜூல் ஆற்றல் எங்காவது போய்ச் சேர வேண்டும். 5 செ.மீ.க்குள் வண்டி நின்றால் சராசரி விசை 20 டன் எடைக்குச் சமம், தடுப்பு வளைந்து 30 செ.மீ. தள்ளி நின்றால் ஏறத்தாழ 3.4 டன்தான். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், ஓட்டுநர்களிடம் வேகத்தைப் பற்றி இன்றும் கண்டிப்பாகவே இருக்கிறேன்.

தடுப்பு வளைவதற்கான இந்த 30 செ.மீ. இடம் அதன் பின்னால் வெறுமையாக இருக்க வேண்டும் என்பதை நாங்கள் பட்டுத்தான் உணர்ந்தோம். இரண்டாம் ஆண்டில், இடம் போதவில்லை என்று அங்கே மீன் பெட்டிகளை அடுக்க விட்டிருந்தோம். வண்டி மோதியதும் குறுக்குச்சட்டம் செய்ய வேண்டியதைச் செய்து வளைந்தது. பெட்டிகளும் மேசையும் நகர்ந்து, வேலை செய்துகொண்டிருந்த ஓர் அக்காவின் காலில் அடிபட்டது. பிழை பொருளில் இல்லை, எங்களிடம் இருந்தது. மறுநாளே 40 செ.மீ. அகலத்துக்கு மஞ்சள் பட்டை தீட்டினோம். இன்றுவரை அதற்குள் ஒரு கூடையைக்கூட வைக்க நான் விடுவதில்லை.

பாலிமர் துருப்பிடிக்காது, ஆனால் அதன் போல்ட் துருப்பிடிக்கும். துத்தநாகம் பூசியவை தாங்காததால், மாலிப்டினம் கலந்த 316 வகைத் துருவேறா எஃகுக்கு மாற்றியிருக்கிறோம். வெயில் படும் ஏற்றுமதி வாசலில் மஞ்சள் நிறம் வெளுத்திருக்கிறது. பல பிளாஸ்டிக்குகள் −18 டிகிரியில் நொறுங்கும் தன்மை பெறும் என்பதால், உறைபதன அறைக்குள் இந்த வகையைப் போடவில்லை.

நான்கு ஆண்டுகளில் தடுப்பின் மூன்று தூண்களை மாற்றினோம், தரையைக் கொத்தவில்லை. வாங்க எண்ணுவோர் விலையைக் கேட்கும் முன், தடுப்பின் குறுக்குச்சட்டத்திலிருந்து ஆள் நிற்கும் இடம்வரை நாடா பிடித்து அளந்துகொள்ளுங்கள்.