நல்லூர் மணலில் தொலைந்த திறப்பு

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோவில் தேரன்று, வேட்டி மடிப்பில் செருகியிருந்த கார்த் திறப்பு (சாவி) எங்கேயோ விழுந்துவிட்டது. தேருக்குப் பின்னால் நூற்றுக்கணக்கானோர் உருண்டு வந்த வீதி மணலில் சுட்டுவிரல் நீளத் திறப்பு ஒன்றை எப்படித் தேடுவது? ஒலிபெருக்கியில் இரண்டு முறை அறிவித்தார்கள். வெயில் சாயும் வரை மணலைக் காலால் கிளறிக்கொண்டு நின்றேன். கிடைக்கவில்லை. ஊரில் நின்ற மூன்று வாரத்தில் ஐந்து நாட்களை அந்தத் திறப்பு விழுங்கியது.

கார் அப்பாவுடையது. 1960ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000, 948 சி.சி. எஞ்சின். பெற்றோல் வராத போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஓடிய கார்கள் எப்படி ஓடின என்பதை அங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சிறு போத்தலில் ஒளித்துவைத்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் சில துளி விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார் அப்பா. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது அம்மம்மாவைப் பின் இருக்கையில் படுக்கவைத்து, நாவற்குழிப் பாலத்தை அந்தக் காரில்தான் கடந்தோம். பாலத்துக்கு அப்பால் தென்மராட்சியில் இருந்த மாதங்களில் அந்தத் திறப்பு அப்பாவின் அரைஞாணில் கிடந்தது. தொலைந்தது அதே திறப்பு.

அந்தக் காலத்துக் காருக்கு ஸ்டியரிங் பூட்டு இல்லை. லாண்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு இயந்திரத்தின் பின்னால் கயிறு கட்டிக் கொக்குவில் வீடு வரை இழுத்து வந்துவிட்டோம். இனித்தான் கதை.

நான் வசிக்கும் ஸ்காபரோவில் கடந்த பனிக்காலம் என் வான் வண்டியின் திறப்பு தொலைந்தது. கனடாவில் 2007 செப்டம்பர் முதல் வந்த கார்களில் திருட்டுத் தடுப்புக் கருவி கட்டாயம். திறப்பிலுள்ள மின்னணுச் சில்லை வண்டி அடையாளம் காணாவிட்டால் எஞ்சின் கிளம்பாது. இழுவை வண்டி, கணினிப் பதிவு எல்லாம் சேர்த்து அறுநூறு டொலர் போனது. ஆனால் தொலைபேசியை எடுத்தவர் விலையையும் நேரத்தையும் முதலிலேயே சொன்னார். சொன்ன நேரத்துக்கு வேலை முடிந்தது. ஊரில் எனக்குக் கிடைக்காதது அப்படியொரு நேரான சொல்தான்.

நகரத்தில் புதிய இயந்திரம் வைத்துத் திறப்பு வெட்டும் கடைக்குப் போனேன். "பழைய திறப்பைக் கொண்டு வாருங்கள், ஐந்து நிமிடத்தில் வெட்டித் தருகிறோம்" என்றார்கள். பழைய திறப்பு இருந்தால் நான் ஏன் அங்கே நிற்கப்போகிறேன்? கொழும்பிலிருந்து ஆள் அனுப்புவதாகச் சொன்ன நிறுவனம் படம் கேட்டது, செசி இலக்கம் கேட்டது, முற்பணமும் கேட்டது. "நாளைக் காலை வருவார்" என்ற பதில் மூன்று காலை வந்தது. வந்தவர் எவருமில்லை. முடியாது என்று முதல் நாளே சொல்லியிருந்தால் நான் வேறு வழி பார்த்திருப்பேன். மூன்றாம் காலை வாசலில் காத்திருந்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. எங்கள் ஊர் நல்ல ஊர், மனிதர்கள் நல்லவர்கள். இல்லை என்ற சொல்லை மட்டும் மரியாதைக் குறைவு என்று நினைத்துவிட்டோம்.

பக்கத்து வீட்டுத் தம்பி சுவிட்சின் பின்னால் இரண்டு வயர்களைத் தொடுத்து ஓட்டிக் காட்டுகிறேன் என்றான். அவனால் முடியும். அந்தக் காரில் திறப்பு மின்சாரத்தை விடுவதோடு சரி; எஞ்சினைச் சுழற்றத் தனியாக ஒரு குமிழை இழுக்கவேண்டும். இன்னொரு கராஜில் பூட்டைத் துளைத்து எடுத்துவிட்டு அழுத்துபொத்தான் வைப்போம் என்றார்கள். அப்பா முப்பத்தைந்து ஆண்டுகள் திருகிய பூட்டில் துளையிட நான் சம்மதிக்கவில்லை.

நான்காம் நாள் மாமாதான் பஸ் நிலையத்துக்குப் பின்புறம் குடை, பூட்டு, டோர்ச் திருத்தும் முதியவர் ஒருவரிடம் கூட்டிப்போனார். விவரம் கேட்ட ஐயா, பெட்டியைக் கட்டிக்கொண்டு உடனே எங்களுடன் வந்துவிட்டார்.

முதலில் திறப்பைப் பற்றியே பேசவில்லை. பூட்டின் முகத்தைத் தேசிக்காய்ப் பாதியால் தேய்த்து, சாம்பல் தொட்டு, துணியால் துடைத்தார். கறுத்துக் கிடந்த உலோகத்தில் மயிரிழை போல எழுத்துகள் தெரிந்தன: எஃப்.எஸ். 902. இத்தனை ஆண்டுகள் அந்தக் காரில் ஏறி இறங்கியவன், அங்கே ஓர் இலக்கம் இருப்பதை அன்றுதான் கண்டேன்.

"தம்பி, இந்த வரிசை 876இல் தொடங்கி 955இல் முடியும். எண்பது திறப்புத்தான். இங்கிலாந்துக் கார்கள் பலவற்றுக்கும் இதுதான்" என்றார். அவரது பிஸ்கட் தகரத்தில் உடைத்துப் போட்ட கார்களின் திறப்புகள் ஐம்பது அறுபது இருந்தன. 902 இல்லை. வெட்டாத திறப்பு ஒன்று மட்டும் மிச்சமிருந்தது.

குப்பி விளக்கைக் கொளுத்தி அதன் சுடரில் திறப்பைக் கரி பிடிக்க வைத்தார். பூட்டுக்குள் விட்டு மெல்லத் திருகி எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். உள்ளேயிருந்த தகடுகள் உரசிய இடங்களில் கரி அழிந்து, ஊசி முனை அளவில் பித்தளை மின்னியது. அந்த இடத்தில் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி கரி, மறுபடி பூட்டு, மறுபடி அரம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு விரல் நுனியால் வெட்டைத் தடவிப் பார்ப்பார். ஒன்றரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா கொடுத்த தேநீர் ஆறிப்போனது.

பிறகு திறப்பு திரும்பியது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. அம்மா விறாந்தையிலிருந்து எழுந்து நின்றார்.

ஐயா இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்டார். பத்தாயிரம் நீட்டினேன். எண்ணிப் பார்த்து மிச்சத்தை என் கையில் வைத்துவிட்டார். இதைக் கற்றுக்கொள்ள யாராவது வருகிறார்களா என்று கேட்டேன். மகன் பிரான்ஸில் இருக்கிறானாம். வேறு எவரும் வரவில்லை என்றார்.

வாசலைத் தாண்டும்போது ஒன்று கேட்டார்: "அடுத்த முறை வரும்போது வெட்டாத எஃப்.எஸ். திறப்பு கொஞ்சம் கொண்டு வாருங்கள் தம்பி. இங்கே கிடைப்பதில்லை. கார்கள் இன்னும் இருக்கின்றன."

இங்கிலாந்தில் பழைய கார்ப் பாகங்கள் விற்பவர்களிடம் அவை சில பவுணுக்குக் கிடைக்கின்றன. ஐம்பது வாங்கிவிட்டேன். தை மாதம் ஊருக்குப் போகும் மச்சானின் பெட்டியில் அவற்றுக்கு இடம் சொல்லியிருக்கிறேன்.