‘கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி விடுவம்’ என்பவர்களிடம் பழைய காரை விடாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய கார் வைத்திருப்பவர்களும், தாய் தகப்பனின் காரை இங்கே விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களும் இதைத் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். நாங்கள் இல்லாத காலத்தில் காரைப் பொறுப்பெடுத்து, கிழமைக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து, மாதத்தில் இரண்டு தடவை வீதியில் ஓட்டி வைப்பதாகச் சொல்லி மாதக் கட்டணம் வாங்கும் இடம் ஒன்று எங்கள் பக்கத்தில் இருக்கிறது. 2020 மார்ச்சிலிருந்து 2025 வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் பழைய கார்களின் மதிப்பு ஏறியதும் இப்படியான இடங்கள் முளைக்க ஒரு காரணம். நான் முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரை எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கார் 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். 948 சிசி இஞ்சின். அப்பா வாங்கியது. மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் கனடா போக வேண்டி வந்தபோது அதை அங்கே ஒப்படைத்தேன். வாயால் சொல்லிவிட்டுப் போகவில்லை. இந்தக் கார் பொசிட்டிவ் எர்த், பற்றரியின் பிளஸ் பக்கம்தான் பொடியில் பூட்டியிருக்கும். குளிர்ந்த இஞ்சின் பிடிப்பதற்காகப் பெற்றோலைக் கூட்டிவிடும் சோக்கை இழுத்தபடி நிறுத்தி வைக்கக்கூடாது. ஸ்டார்ட் செய்தால் வடிவாகச் சூடாகும்வரை ஓட்ட வேண்டும், அதற்கு நேரமில்லையென்றால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். நிறுத்தியதும் திறப்பை எடுத்துவிட வேண்டும். இவ்வளவையும் தாளில் எழுதி, மைல் மீற்றரின் எண்ணையும் குறித்து, அவர்களிடம் கையெழுத்து வாங்கினேன். “அண்ணை, நாங்கள் இதைவிடப் பழைய காரெல்லாம் பார்க்கிறனாங்கள், நீங்கள் யோசியாமல் போட்டு வாங்கோ” என்றார் பொறுப்பாக இருந்த தம்பி.

கிழமைக்கு ஒரு வீடியோ வட்ஸ்அப்பில் வந்தது. இஞ்சின் பிடிக்கும், உடனே ஒருவர் அக்சிலேற்றரை அழுத்தி உறுமவிடுவார், பிறகு வீடியோ முடிந்துவிடும். முதல் வீடியோவைப் பார்த்தவுடனேயே, குளிர்ந்த இஞ்சினை இப்படி உறுமவிட வேண்டாம் என்று எழுதினேன். கட்டை விரலை உயர்த்திய படம் ஒன்று பதிலாக வந்தது. அடுத்த வீடியோவிலும் அதே உறுமல். மாத முடிவில் கட்டணத்தோடு வீதியில் ஓட்டியதற்கான பெற்றோல் பில்லும் வரும். பிறகு, பிளக்கில் பொறி வரவைக்கும் கொயிலை மாற்றிய பில் வந்தது. அதன் பிறகு புதுப் பற்றரிக்கு ஒரு பில்.

திரும்பி வந்து பார்த்தபோது மைல் மீற்றர் நான் எழுதிக் கொடுத்த எண்ணிலேயே நின்றது. கேபிள் அறுந்துவிட்டது என்றார்கள். வீட்டுக்கு ஓட்டி வந்தபோது மீற்றர் ஒழுங்காகவே ஓடியது. அப்படியானால் பெற்றோல் யாருடைய வாகனத்துக்குள் போனது என்று கேட்டேன். இன்றுவரை மறுமொழி இல்லை.

பெற்றோல் காசைக்கூட விட்டுவிடலாம். இஞ்சினுக்குச் செய்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. முன்பு ஒஸ்ரின் ஏ40 வாடகைக் கார்கள் பழுதுபார்த்த அண்ணை ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன். அவர் முதலில் ஒயில் அளவுக் கம்பியை உருவி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பெற்றோல் மணம். ஒயில் மட்டமோ நான் விட்டுப்போன இடத்தை விட மேலே நின்றது. ஒயில் தானாகக் கூடாது. கூடியிருந்தால் அதற்குள் பெற்றோலோ தண்ணீரோ இறங்கியிருக்கிறது என்றுதான் அர்த்தம். ஒயில் ஊற்றும் மூடியின் உட்பக்கத்தில் பால் ஆடை மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது.

இது எப்படி வருகிறது என்று விளங்கினால், இரண்டு நிமிட ஸ்டார்ட் ஏன் கேடு என்பதும் விளங்கும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. சூடான இஞ்சினில் அது ஆவியாகவே வெளியே போய்விடும். குளிர்ந்த இஞ்சினிலோ சைலன்சருக்குள்ளும் ஒயிலுக்குள்ளும் தண்ணீராகப் படியும். சோக் இழுத்திருக்கும்போது பெற்றோல் தேவைக்கு மேலாகப் போகிறது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயில் பூச்சைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். அந்த நேரத்தில் அக்சிலேற்றரை மிதித்தால் ஒயில் மேலே ஏறுவதற்கு முன்பே பிஸ்டன் வறண்ட சுவரில் உரசுகிறது. இதைக் கிழமைக்கு ஒருமுறை, மாதக்கணக்காகச் செய்திருக்கிறார்கள். அந்தக் காரைத் தொடாமல் படங்கு போட்டு மூடி வைத்திருந்தால் இந்தப் பழுதுகளில் ஒன்றும் வந்திராது.

பற்றரி செத்ததும் இதன் தொடர்ச்சிதான். இந்தக் காரில் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுவது டைனமோ. இப்போதைய கார்களின் ஓல்டர்நேற்றர் போல மெதுவாக ஓடும்போது அது சார்ஜ் கொடுக்காது. நிறுத்தி வைத்து ஓடவிட்டால் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும். இஞ்சினைச் சுற்றிவிடும் செல்ப் மோட்டாரை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் பற்றரியிலிருந்து போன மின்சாரம் திரும்பி வரவே இல்லை. கடைசியில் பற்றரி படுத்துவிட்டது. புதுப் பற்றரி வாங்கி, எல்லாக் கார்களிலும் போல மைனஸை பொடியில் பூட்டியிருக்கிறார்கள். பற்றரியின் பிளஸ் முனை மைனஸ் முனையைவிடத் தடிப்பானது. மாறிப் பூட்டும்போது கிளாம்ப் பொருந்தாமல் போனதே அவர்களுக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். ஒரு கிளாம்பை அறுத்து அகட்டி, மற்றதுக்குள் தகரத் துண்டு செருகி இறுக்கியிருந்தார்கள்! பொசிட்டிவ் எர்த் என்று எழுதிய தாள் அவர்களுடைய மேசை லாச்சிக்குள் கிடந்தது.

செல்ப் மோட்டார் அப்போதும் சரியான பக்கமே சுற்றும், இஞ்சினும் பிடிக்கும். ஆகவே வீடியோவில் ஒரு பிழையும் தெரியாது. ஆனால் டைனமோ பழைய திசையிலேயே மின்சாரம் கொடுக்க முயல, டைனமோவைப் பற்றரியோடு இணைத்துவிடும் கட்அவுட் சுவிச் மூடும் கணத்தில் பெரும் மின்னோட்டம் பாய்ந்து அதன் முனைகள் எரிந்து ஒட்டிப்போயிருந்தன. அந்தக் கட்அவுட் இருக்கும் கன்ட்ரோல் பொக்ஸின் வயர்கள் உருகிப்போய்க் கிடந்தன. வீடு எரியாமல் இருந்தது பெரிய காரியம் என்றார் அண்ணை.

கொயில் போன காரணம் அவர்கள் அனுப்பிய வீடியோ ஒன்றிலேயே இருந்தது. சோக்கை உள்ளே தள்ளியதும் இஞ்சின் நின்றுவிடுகிறது. ஆள் அப்படியே கதவைச் சாத்திவிட்டுப் போகிறார். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தபடி இருக்கிறது. இஞ்சின் ஓடாமல் திறப்பு போட்டபடி கிடந்தால், கொயிலின் மின்சாரத்தைத் திறந்து மூடும் பொயின்ற் மூடிய இடத்தில் நின்றிருந்தால், கொயிலுக்குள் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்து அது வெந்துபோகும். அவர்களே வேகவைத்த கொயிலுக்கு என்னிடமே காசு வாங்கினார்கள்.

யாழ்ப்பாணத்தில் இப்படி நடப்பதுதான் எனக்கு ஆறாத கவலை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் மருந்துக்கும் கிடைக்காதபோது, இந்த ஊர் ஏ40களையும் மொறிஸ்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டியது. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலுக்குள் இறங்கும் என்று தெரிந்து ஒயிலை அடிக்கடி பார்ப்பார்கள். அப்பா ஒவ்வொரு நாளும் கம்பியை உருவிப் பார்த்த பிறகுதான் காரில் கை வைப்பார். குளிர்ந்த இஞ்சினுக்கும் சூடான இஞ்சினுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே பள்ளிக்கூடப் பெடியளுக்கும் தெரிந்திருந்த காலம் அது.

சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதையும் எழுதுகிறேன். யாரிடமாவது விடும் முன் அவர்கள் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். நெடுநாள் கிடந்த மைனரென்றால் முதலில் திறப்பைத் தொடவே கூடாது. ஒயில், தண்ணீர், பெற்றோல் ஒழுக்கு பார்க்க வேண்டும். பிரேக் ஒயில் பொனற்றுக்குள் இல்லை, சாரதியின் காலடியில், விரிப்புக்குக் கீழே இருக்கிறது. அந்த விரிப்பைத் தூக்காதவருக்கு இந்தக் கார் தெரியாது. பிறகு நாலு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஒயில் விட்டு, கியர் நியூட்ரலில் இருக்க, காரின் முன்பக்கத்தில் ஹான்டிலைப் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். ஹான்டிலைச் சுற்றிப் பிடித்தால், இஞ்சின் திருப்பி உதைக்கும்போது விரல் முறியும். பாரமில்லாமல் சுற்றினால், பிளக் இல்லாமலே செல்ப்பை விட்டுவிட்டு இழுத்து ஒயில் விளக்கு அணைகிறதா என்று பார்க்கலாம்.

அதன் பிறகு பிளக்கைப் பூட்டித் திறப்பைப் போட்டால் பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடிக்கும். காபரேற்றர் நிரம்பியதும் சத்தம் நிற்க வேண்டும். நிற்காமல் அடித்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது தாங்கியில் பெற்றோல் இல்லை. உடனே திறப்பை நிறுத்துங்கள். சத்தம் நின்றபிறகு சோக்கை இழுத்து, கிளச்சை மிதித்து, செல்ப்பைச் சில விநாடி மட்டும் இழுக்க வேண்டும். அக்சிலேற்றரை முன்கூட்டி மிதிப்பதால் ஒரு பயனும் இல்லை. இதிலுள்ள எஸ்யூ காபரேற்றரில் மிதிக்கும்போது பெற்றோல் அடிக்கும் பம்ப் கிடையாது. மிதித்து மிதித்துப் பார்ப்பவர் வேறு கார் பழகியவர்.

பிடித்ததும் ஒயில் விளக்கு அணைய வேண்டும். இஞ்சின் ஒத்துக்கொள்ளும் அளவுக்குச் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி, நிறுத்தி வைத்துச் சூடாக்காமல் மெதுவாக வீதிக்கு இறக்க வேண்டும். ஆகக் குறைந்தது அரை மணித்தியாலம் ஓடினால்தான் ஒயிலும் சைலன்சரும் காயும், செல்ப் வாங்கியதை டைனமோவும் பற்றரிக்குத் திருப்பிக் கொடுக்கும். திரும்பி வந்ததும் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டுத் திறப்பை நிறுத்தலாம். நிறுத்தும் நேரத்தில் உறுமவிடும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. அது சூடான சிலிண்டருக்குள் பெற்றோலை ஊற்றி வைத்துவிட்டுப் போவதுதான். கிழமைக்கணக்கில் நிற்கப்போகிறதென்றால் சில்லுக்குக் கட்டை வைத்து, ஹான்ட் பிரேக்கை விடுவித்து, பற்றரி வயரைக் கழற்றி வையுங்கள். ஹான்ட் பிரேக் இழுத்தபடி மாரி முழுக்க நின்றால் பிரேக் சூ ட்ரம்மில் ஒட்டிக்கொள்ளும். ரேடியேற்றருக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். சுண்ணாம்பு படியும், மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

ஒயில் மாற்றி, கன்ட்ரோல் பொக்ஸும் வயரும் புதிதாகப் போட்டு, கார் இப்போது ஓடுகிறது. சிலிண்டர் எவ்வளவு தேய்ந்தது என்பது இஞ்சினைப் பிரித்தால்தான் தெரியும். அவர்களிடம் நேரில் போய்க் காசைக் கேட்டேன். “அண்ணை, வீடியோ அனுப்பினனாங்கள்தானே, ஸ்டார்ட் பண்ணினதுக்கு ஆதாரம் உங்களிட்டயே இருக்கு” என்றார் அதே தம்பி. அந்த வீடியோக்களையும், கையெழுத்திட்ட தாளையும், பில்களையும், வடித்த ஒயிலில் ஒரு போத்தலையும் வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 1977 என்ற இலக்கத்தில் விசாரிக்கலாம். சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், காலம் கடத்தாதீர்கள்.

உங்கள் கார் இப்படி ஓரிடத்தில் இப்போது நிற்கிறதென்றால் இன்றைக்கே உங்கள் ஆள் ஒருவரை அனுப்புங்கள். மைல் மீற்றரையும், ஒயில் கம்பியையும், ஒயில் மூடியின் உட்பக்கத்தையும், பற்றரியின் எந்த முனை பொடிக்குப் போகிறது என்பதையும் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்து காட்டுகிறோம் என்று அவர்கள் வந்தால், வேண்டாம் என்று சொல்லி, பற்றரி வயரைக் கழற்றிவிட்டுத் திறப்பை வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.