கான்ட்ராஸ்ட் ஊசி போடாமல் நுரையீரல் ரத்தக்குழாய் எம்ஆர்ஐ: பெங்களூருவில் எடுத்த அனுபவம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, இப்படி ஏதாவது என்றால் இந்த ஸ்கேனைத் தேடி அலையாதீர்கள், நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். அங்கே பெரும்பாலும் சிடி ஆஞ்சியோ எடுப்பார்கள், அந்த நேரத்துக்கு அதுதான் சரி. நான் எழுதுவது மெல்ல மெல்ல வந்த பிரச்சினைக்கு, அதுவும் கிட்னி பலவீனமானவர்களுக்கு.

பெரியப்பா கோலார் தங்கவயல்காரர். 2001ல் சுரங்கத்தை மூடும்வரை அங்கே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அல்சூரில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து காட்டியதில், எக்கோவில் நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் அதிகம் என்று வந்தது. பழைய ரத்தக்கட்டி எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று டாக்டருக்குச் சந்தேகம். சிடி ஆஞ்சியோவுக்கு அயோடின் கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாய் படத்தில் பளிச்சென்று தெரிய ஏற்றும் மருந்து) ஏற்ற வேண்டும், அவருடைய கிரியேட்டினினைப் பார்த்துவிட்டு கிட்னி டாக்டர் தயங்கினார். எம்ஆர்ஐக்குப் போடும் கடோலினியமும் கிட்னி மோசமாக இருப்பவர்களுக்குத் தோலை இறுக வைக்கும் ஒரு நோயைத் தரலாம் என்று 2006 வாக்கில் தெரியவந்தது. இப்போதைய புது மருந்துகளில் அந்த ஆபத்து மிகக் குறைவுதான், ஆனாலும் முதலில் மருந்தே இல்லாமல் எடுத்துப் பார்ப்போம் என்று முடிவானது. நியூக்ளியர் மெடிசின் ஸ்கேனும் (நுரையீரலில் ரத்தமும் காற்றும் எங்கே போகிறது என்று பார்ப்பது) டாக்டர் தனியாக எழுதிக் கொடுத்தார்.

சென்டர் பெயரைப் போடவில்லை, குறையும் சொல்லப்போகிறேன் என்பதால். ஊரின் தெற்குப் பக்கம், மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம், அவ்வளவு போதும்.

குறையிலிருந்தே தொடங்கலாம். போனில் கேட்டபோது "கான்ட்ராஸ்ட் இல்லாம லங்ஸுக்கு எம்ஆர்ஐயே கிடையாது சார்" என்றார்கள். டாக்டர் சீட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது, உங்கள் ரேடியாலஜிஸ்டிடம் கேளுங்கள் என்று விடாமல் சொன்ன பிறகுதான் உள்ளே கேட்டுவிட்டு அப்பாயின்ட்மென்ட் கொடுத்தார்கள். நேரில் போனால் கவுண்டரில் கான்ட்ராஸ்ட் மருந்துக்கும் சேர்த்து பில். மாற்றித் தந்தார்கள்தான், ஆனால் மூச்சு வாங்குகிற வயசாளியை உட்கார வைத்துவிட்டு இதற்காக நின்று வாதாட வேண்டியிருந்தது எனக்கு இன்னும் கோபமாகத்தான் இருக்கிறது. பணம் கூட இரண்டாம் பட்சம். கிட்னிக்காக வேண்டாம் என்று சொன்ன மருந்து பில்லில் இருந்தால், அது கைக்கும் ஏறிவிடாது என்று என்ன நிச்சயம்? பில்லைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

உள்ளே போனதும் வேறு உலகம். பேஸ்மேக்கர், ஸ்டென்ட் கேள்விகளோடு நிறுத்தாமல், என்ன வேலை பார்த்தீர்கள் என்றும் டெக்னீஷியன் கேட்டார். ஃபிட்டர், கிரைண்டிங் வேலையும் செய்ததுண்டு என்றதும் முதலில் கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். கண்ணில் எப்போதோ போன இரும்புத் துகள் இருந்தால் காந்தத்தில் நகர்ந்து பார்வையையே கெடுத்துவிடும். இதைக் கேட்காத இடங்களும் இருக்கின்றன. பட்டறை, லேத், வெல்டிங் வேலை பார்த்தவர்கள் யாரும் கேட்காவிட்டாலும் தாமாகவே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது மூச்சு. இந்த ஸ்கேனில் படம் தேறுவதும் தேறாததும் முக்கால்வாசி இதில்தான். நுரையீரல் முழுக்கக் காற்று, எம்ஆர்ஐக்குத் தேவையான ஹைட்ரஜன் அங்கே கொஞ்சம்தான், காற்றும் திசுவும் சேரும் இடமெல்லாம் சிக்னல் சட்டென்று செத்துவிடும், போதாததற்கு இதயமும் மூச்சும் ஓயாமல் அசைக்கின்றன. நுரையீரல் ரத்தக்கட்டியை எம்ஆர்ஐயில் தேடிய, 2010ல் வெளியான பயோபெட் 3 (PIOPED III) ஆய்வில், கடோலினியம் ஏற்றி எடுத்தும்கூட நான்கில் ஒருவருக்குப் படம் தேறவில்லை. படம் தேறியவர்களிலும், உண்மையில் அடைப்பு இருந்தவர்களில் 78 சதவீதம் பேருக்குத்தான் அதைக் கண்டுபிடித்தது. மருந்தும் இல்லாதபோது டெக்னீஷியனின் பொறுமைதான் பலம்.

மெஷினில் பதிவு செய்து வைத்திருந்த குரல் ஆங்கிலத்தில் மூச்சை அடக்கச் சொன்னது. பெரியப்பா அது முடிந்த பிறகுதான் அடக்கினார். முதல் படங்கள் கலங்கியதும் அந்த டெக்னீஷியன் பையன் (ஓசூர்க்காரர்) அதை நிறுத்திவிட்டு மைக்கில் தானே பேச ஆரம்பித்தார். "ஐயா, மூச்ச முழுசா வெளிய விடுங்க... அப்படியே நிறுத்துங்க... சரி, இப்ப இழுத்துக்கலாம்." மூச்சை விட்ட நிலையில் நுரையீரல் சுருங்கியிருக்கும், சிக்னல் கொஞ்சம் கூடும், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கும், அதனால்தான் அப்படிக் கேட்கிறார்களாம். நீளமாக அடக்க முடியாதபோது சின்னச் சின்னதாகப் பிரித்து எடுத்தார், நடுவில் இளைப்பாற விட்டார். அந்தத் தம்பிக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

மருந்தில்லாமல் குழாய் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். இவர்கள் எடுத்த முறையில் ரத்தம் தானாகவே வெள்ளையாக விழும், கட்டி இருந்தால் அந்த வெள்ளைக்குள் கறுப்பாக நிற்கும். "எங்ககிட்ட 3 டெஸ்லா இருக்கு" என்று வேறொரு இடத்தில் பெருமையாகச் சொன்னார்கள், ஆனால் நுரையீரலுக்கு இந்த முறையில் 1.5 டெஸ்லாவே நல்லது, காந்த பலம் கூடக் கூட காற்றால் வரும் சிதைவும் கூடும். சாதாரணமாக மூச்சுவிட்டபடி படுத்திருக்கும்போதே வரிசையாகப் படம் எடுத்து, இதயத் துடிப்பின் வேகத்தில் மாறும் வெளிச்சத்தையும் மூச்சின் வேகத்தில் மாறும் வெளிச்சத்தையும் கணக்குப் போட்டுப் பிரித்து, ரத்தம் எங்கே போகிறது, காற்று எங்கே போகிறது என்று வரைபடமாகத் தரும் முறைகளை ஜெர்மனியில் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். இங்கே உண்டா என்றதற்கு ரேடியாலஜிஸ்ட் மழுப்பாமல் இல்லை என்றார்.

ரிப்போர்ட்டும் அதே நேர்மையோடு இருந்தது. பெரிய குழாய்களிலும் அவற்றின் முதல் கிளைகளிலும் கட்டி எதுவும் தெரியவில்லை, நுனிக் கிளைகளைப் பற்றி இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது என்று எழுதியிருந்தார். "நார்மல்" என்று ஒற்றை வார்த்தையில் முடித்திருந்தால் நாங்கள் நிம்மதியாக ஊருக்குக் கிளம்பியிருப்போம், மிச்சச் சந்தேகம் அப்படியே கிடந்திருக்கும். டாக்டர் இந்த வரியைப் படித்துவிட்டுத்தான் நியூக்ளியர் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது என்றார். சுரங்கத் தூசி படிந்த நுரையீரலில் அந்த ஸ்கேனைப் படிப்பதும் எளிதில்லை, அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இந்த ஸ்கேனுக்காக நான் மறுபடியும் அங்கேதான் போவேன், கவுண்டரில் சண்டை போட வேண்டியிருந்தாலும். புக் பண்ணும்போது ரிசப்ஷனில் கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள், நுரையீரல் எம்ஆர்ஐ படித்துப் பழகிய ரேடியாலஜிஸ்ட் அன்றைக்கு இருப்பாரா, நோயாளிக்குப் புரிகிற பாஷையில் மூச்சு சொல்லித்தர ஆள் உண்டா என்று கேளுங்கள். ஃபிலிம் மட்டும் வாங்கி வராமல் முழுப் படங்களையும் கம்ப்யூட்டர் டிஸ்க்கில் கேளுங்கள், எங்களுக்கு அதைத் தர மறுநாள் ஆக்கினார்கள், அடுத்த டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான்.