சாய ஸ்ப்ரேயா, பிக்மென்ட் ஸ்ப்ரேயா?

ஆடிப்பெருக்கன்று கும்பகோணம் படித்துறையில் எடுத்த படங்களை ஆல்பத்தில் ஒட்ட, பின்னணித் தாளில் இரண்டு வகை ஸ்ப்ரே இங்க்கையும் அடித்துப் பார்த்தேன்.

சாய இங்க் தாளின் நாருக்குள் இறங்கிவிடும். தெளிவான நிறம், அடியில் அச்சான எழுத்துகூடத் தெரியும். ஈரம் பட்டால் பெரும்பாலும் மறுபடி கரையும். அது குறையா என்றால், எனக்கு இல்லை. காய்ந்த நீலத்தின் மேல் விரலால் தண்ணீர் தெளித்து டிஷ்யூவால் ஒற்றினேன். வெளிறிய வட்டங்கள் வந்தன, ஆற்று நுரையேதான். ஆனால் வெயில் படும் சுவரில் மாட்டினால் வெளுத்துவிடும்.

பிக்மென்ட், அதாவது தண்ணீரில் கரையாத நிறத்துகள் கலந்த இங்க், தாளின் மேலேயே படியும், சீக்கிரம் வெளுக்காது. செம்மண் நிறத் தாளில் கோல அச்சு வைத்து வெள்ளை அடிக்க இதுதான் சரி. தொல்லையெல்லாம் பாட்டில் மூக்கில்: நன்றாகக் குலுக்காவிட்டால் அடைத்துக்கொள்ளும். வெந்நீரில் ஊறவைத்த பிறகுதான் என்னுடையது வழிக்கு வந்தது.

அப்புறம், ஐப்பசி அடைமழையில் எதை அடித்தாலும் காய நேரமாகும். மெல்லிய தாள் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்துகொள்ளும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனத்த தாள் தாங்கும். மூடிவைக்கிற ஆல்பத்துக்கு நான் சாயத்தையே எடுக்கிறேன்.