பூமியின் காந்தப்புலம்: விளம்பரம் ஒன்று, வேலை வேறு

உயிர்களுக்கான பாதுகாப்புச் சேவை என்றுதான் இதை எல்லோரும் தூக்கிப் பிடிக்கிறார்கள். சூரியக் காற்றை, அதாவது சூரியனிலிருந்து பாய்ந்துவரும் மின்துகள்களைத் தடுக்கும், வளிமண்டலத்தைக் காக்கும், இது இல்லையென்றால் செவ்வாய் கதிதான், பரிணாமமே இதன் தயவு என்று 5 ஸ்டார் குவிகிறது. நான் 3 தருகிறேன்.

உழைப்பில் குறை சொல்ல முடியாது. சுமார் 2,900 கி.மீ. ஆழத்துக்குக் கீழே உருகிய இரும்பு புரண்டுகொண்டே இருப்பதுதான் மொத்த எஞ்சினும், குறைந்தது 340 கோடி வருஷமாக ஓடுகிறது.

ஆனால் வளிமண்டலக் காவல் என்ற பேச்சுதான் இடிக்கிறது. வெள்ளிக்குச் சொந்தக் காந்தப்புலமே கிடையாது, அங்கே காற்றழுத்தம் நம்மைவிட 90 மடங்கு! செவ்வாய் காற்றை இழந்ததற்கு அது சிறிய கிரகம், ஈர்ப்பு குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? போதாததற்கு நம் துருவங்களில் காந்தக் கோடுகள் விண்வெளிப் பக்கம் திறந்தே கிடக்கின்றன, அந்த வழியாக ஆக்ஸிஜன் அயனிகள் (மின்னேற்றம் பெற்ற அணுக்கள்) கசிந்துகொண்டுதான் இருக்கின்றன. கதிர்வீச்சைத் தடுப்பதிலும் தரையில் இருப்பவர்களுக்குப் பெரும்பங்கு வேலை செய்வது தலைக்கு மேலே உள்ள காற்று. அதன் எடை 10 மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமம். சுமார் 7.8 லட்சம் வருஷத்துக்கு முன் காந்த வடக்கும் தெற்கும் இடம் மாறி, புலம் நன்றாக வலுவிழந்தபோதும் ஹோமோ எரக்டஸ் என்ற ஆதி மனித இனம் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருந்தது.

அப்புறம் ஒரு கூத்து. பிரேசிலில் கிடைத்த 59 கோடி வருஷப் பழைய பாறையில் அளந்து பார்த்தால், அப்போது புலம் இன்றையதில் 30-ல் ஒரு பங்கு. அப்படி நோஞ்சானாகவே 2.6 கோடி வருஷமாவது இருந்திருக்கிறது. அதே காலத்தில்தான் ஆக்ஸிஜன் கூடி, எடியகாரன் உயிரினங்கள் என்கிற பெரிய உடம்புக்காரர்கள் கடலில் பெருகினார்கள். காவல் தளர்ந்ததால் ஹைட்ரஜன் அதிகமாகத் தப்பி, ஆக்ஸிஜன் மிஞ்சியது என்று ஒரு கருதுகோள் உண்டு. நிரூபணம் ஆகவில்லை, ஆனாலும் காவல்காரன் அசந்தபோது வியாபாரம் சூடுபிடித்த மாதிரி இருக்கிறதா இல்லையா?

யாரும் விளம்பரம் செய்யாத வழிகாட்டும் வேலைதான் இதில் அசல் சரக்கு. சில பாக்டீரியாக்கள் மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாதுவின் படிகங்களை உடம்புக்குள் சங்கிலியாகக் கோர்த்துவைத்து, காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிஜன் குறைந்த சேற்றுக்கு இறங்குகின்றன. பெருந்தலைக் கடலாமைக் குஞ்சுகள் புலத்தின் சாய்வையும் வலிமையையும் உணர்ந்து நடுக்கடலில் திசை பிடிக்கின்றன. பரிணாமத்தில் இதன் கைரேகையை அடித்துச் சொல்லக்கூடிய இடம் இதுதான், என் 3-ல் 2 இதற்கே.

ஒரு புகார்: தென் அட்லாண்டிக் மேலே கவரேஜ் மோசம், அங்கே புலம் வலுவிழந்து கதிர்வீச்சுத் துகள்கள் தாழ இறங்கிவிடுகின்றன. ஹபிள் தொலைநோக்கி அந்தப் பக்கம் கடக்கும்போது ஆய்வையே நிறுத்திவைக்கிறார்கள். சாட்டிலைட் வைத்திருப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.